பூட்டண்ணன் எழுதிய மொய்

எச்சில் கையால் காக்கா விரட்டாதவர்கள் மதுரையில் பலர் உண்டு. காக்கா வந்துவிடுமோ என்று ஜன்னலையே பூட்டி வைத்தவர் எங்கள் பூட்டண்ணன் ஒருவர்தான்.

எண்பதுகளில், பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவர் எனக்கு சீனியர். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, டிபன் கேரியருக்கு ஒன்று. மழைக்குக் குடை கேட்டால், "நனைஞ்சா காஞ்சிரும் மாப்ள, குடை தொலைஞ்சா வருமா?" என்பார். தொப்பலாக நனைந்து போயிருக்கிறேன், பாவி மனுஷன்!

அப்பேர்ப்பட்டவர், அலங்காநல்லூர் வயல்மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணு ஒன்றோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். மரபணு என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்து மாறி மாறி வரும் நீண்ட வரிசை. முழுசாகப் படித்துவிட்டார். அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். ஆனால் அந்த மரபணுவுக்கு என்ன வேலை என்று மட்டும் பிடிபடவில்லை.

உலகத்து விஞ்ஞானிகள் தாங்கள் கண்ட வரிசைகளைப் போட்டுவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் டேப்பில் பதிவாகி எங்களுக்குத் தபாலில் வரும். அதில் தேடியபோது, இதே சாயலில் யாரோ போட்டிருந்த இன்னொரு மரபணு அகப்பட்டது. அதற்கு என்ன வேலை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது; அதுதான் இதன் வேலையும். அண்ணன் துள்ளிக் குதித்தார்.

மறுநாளே தன் வரிசையை ஃபிளாப்பியில் ஏற்றி, களஞ்சியத்துக்கு அனுப்பக் கிளம்பிவிட்டார். எனக்குப் பகீரென்றது.

"அண்ணே, முதல்ல கட்டுரை அச்சாகட்டும். அதுக்குள்ள எவனாச்சும் உங்க வரிசைய எடுத்து முந்திக்கிட்டா பட்டம் போயிரும்!"

"பந்தியில உக்காந்து சாப்ட்டேன்ல? மொய் எழுதாம எந்திரிச்சு வரச் சொல்றியா?"

குடை தராத வாயிலிருந்து வந்த பேச்சு இது!

பயந்தபடியே ஆனது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று, அதே பாக்டீரியாவில் தாங்கள் படித்த வரிசையை இவருடையதோடு ஒப்பிட்டு, கட்டுரையை முந்திப் போட்டுவிட்டது. "இதுல இனி புதுசா என்ன இருக்கு? வேற தலைப்பு எடுப்பா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அண்ணனுக்கோ உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. திருமங்கலத்தில் டுட்டோரியல் வாத்தியார் வேலைதான் கதி.

"இம்புட்டு வருசம் உழைச்சத இப்படித் தூக்கிக் கொடுத்துட்டீகளே!" என்று கத்தினேன்.

அவர் அந்தக் கட்டுரை வந்த பத்திரிகையை மடியில் வைத்து, விரலை ஓட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கி வழிந்தது.

"பட்டம் போனது வலிக்கத்தான் செய்யுது மாப்ள. ஆனா பாத்தியா? அவுக தனியாப் படிச்சதும் அப்படியே ஒத்துப்போகுது. என்னோடதுல ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல."

திருமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "வாரேன் மாப்ள" என்று கையை ஆட்டினார். அந்த மனுஷன்மேல் எனக்கு அம்புட்டுப் பிரியம் இருந்தது என்று பஸ் திரும்பி மறைந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.