மேல் வீட்டுக் குளிர்

பஸ் செக்கர் தன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடத்துச் சுவரில் இருந்த, ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை முறைத்தார். அவர் வைத்திருந்தது இருபத்திரண்டு டிகிரி. வீட்டில் இருந்தது பதினேழு.

"சமையலறை ஜன்னலைத் திறந்தியா?"

"இல்லையே" என்றாள் மனைவி.

வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவர் அவர். இந்த உலகத்தில் முக்கால்வாசிப் பேர் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் என்பது அவர் கண்ட உண்மை. மனைவிக்கு மட்டும் சலுகை எதற்கு?

இருபத்தைந்துக்கு ஏற்றினார். வீடு பதினாறுக்கு இறங்கியது. பேட்டரியை மாற்றினார். காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

எலக்ட்ரீஷியன் மைத்துனருக்கு போன் போட்டார்.

"மாமா, அதுக்குப் பக்கத்துல விளக்கு ஏதாவது எரியுதா?"

"எரியுது. அதனால என்ன?"

"அந்தச் சூட்டுல வீடே சூடாயிடுச்சுன்னு அது நினைச்சுக்கும். ஹீட்டரை ஓட விடாது. விளக்கைத் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார். பதினைந்து.

"இத்தனைக்கும் புதுசு" என்று பல்லைக் கடித்தார். "போன வாரம் மாட்டினது. ஊரை ஏமாத்தறதுக்குன்னே கம்பெனி நடத்தறானுங்க."

பிறகு எல்லா ஜன்னல் இடுக்கிலும் டேப் ஒட்டினார். சமையலறை ஜன்னலில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்று. அடுப்பில் மிளகாய் தாளித்த மனைவி இருமிக்கொண்டே வெளியே வந்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"அந்த டேப்பைப் பிரிங்க."

"பிரிச்சா திரும்பத் திறப்பே."

"அப்ப நான்தான் திருடின்னு முடிவே பண்ணிட்டீங்க?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் கேட்டு செக்கர் வாசல்வரை போனார். ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"இன்னைக்கு நீயா நானா பார்த்துடறேன்" என்று தெர்மோஸ்டாட்டிடம் சொல்லி, முப்பதுக்கு ஏற்றிவிட்டு, மங்கி குல்லாவோடு அதன் எதிரிலேயே உட்கார்ந்தார். பதினான்கு என்றது.

கதவு தட்டும் சத்தம். மனைவி திரும்பிவிட்டாள் என்று ஓடித் திறந்தார். வாசலில் கீழ் வீட்டுப் பெண். நெற்றியிலிருந்து வியர்வை சொட்ட, மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். பின்னால், வியர்வையில் தொப்பலாக நனைந்த மனைவி.

செக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்னம்மா, சுகமா வேர்க்குது. இங்க ஒருத்தன் விறைச்சுச் சாகறேன். கேக்கறதுக்கு நாதி இருக்கா?"

"சார், எங்க வீட்டுக்கு வந்த மெக்கானிக் இப்பதான் கண்டுபிடிச்சார், போன வாரம் ரெண்டு வீட்டு தெர்மோஸ்டாட் வயரையும் மாத்தி மாட்டியிருக்காங்களாம், நீங்க ஏத்தினதெல்லாம் எங்க வீட்ல எரிஞ்சிருக்கு, அந்தப் புழுக்கம் தாங்காம நான் குறைச்சுக் குறைச்சு வச்சது பூரா உங்க தலையில இறங்கியிருக்கு."