மூன்றடி மேட்டுக்காரன்

மனிதர்களில் மேட்டுக்காரன் என்று ஓர் இனம் உண்டு. காலி மனை வாங்கியதும் இவன் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டு வாசலைத்தான். அதைவிடத் தன் மனை மூன்றடி உயர்ந்து நிற்கவேண்டும். டேப்பைப் பிடிப்பான், மூலைக்கு மூலை ஓடுவான், ரோட்டில் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்ப்பான், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இன்னும் ரெண்டு லோடு கொட்டு நைனா" என்பான்.

அந்த லோடு கொட்டுகிறவன் நான்தான். வேப்பம்பட்டில் டிப்பர் ஓட்டுகிறேன். மலை தேய்ந்து மண்ணாகி, ஆற்றோடு வந்து படிந்து, இறுகி, மறுபடியும் பாறையாவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் பிடிக்குமாம். என் மகள் மோனிகா பாடத்தில் படித்துச் சொன்னாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். அவ்வளவு பொறுமை எனக்கேது? கிரஷரில் உடைத்த மலையைக் காலை நாஷ்டாவுக்கு முன்பே இரண்டு மனையில் கொட்டிவிடுவேன். ஏரி மண் நாஷ்டாவுக்குப் பிறகு.

என் வீட்டையும் அப்படித்தான் மூன்றடி ஏற்றிக் கட்டினேன். முதல் மழைக்கே தண்ணீர் எதிர்வீட்டு ஆதிகேசவன் ஹாலில் போய் உட்கார்ந்தது. நான் என் வாசலில் நின்று, "இன்னா கேசவா, மீன் எதுனா மாட்டுதா?" என்றேன். கோடையில் அவன் தன் வீட்டை இடித்தான். ஐந்தடி மேடு வேண்டும் என்றான். மண் அடித்தது யார்? நானேதான். நாற்பது லோடு. மட்டம் பிசகவில்லை என்று டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

போன ஐப்பசி மழையில் என் கட்டில்மேல் அரிசி மூட்டை, மூட்டைமேல் மோனிகாவின் புத்தகங்கள். என் மனைவி ஏஞ்சலின் முட்டித் தண்ணீரில் நின்றாள்.

"யோவ், எதிர் ஊட்டுக்கு மண்ணு அடிச்சது யாரு?"

"நான்தான்."

"தண்ணி எங்க வரும்னு தெரியாதா?"

"மட்டம் பாத்துதானே போட்டேன்."

"யார் ஊட்டு மட்டத்தப் பாத்துகினு இருந்த?"

அதற்குள் ஆதிகேசவன் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "லோகு, மீன் மாட்டுனா எனக்கும் ரெண்டு குடுப்பா."

புத்தி வந்ததா என்கிறீர்களா? ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறார்களாம். ஆறடிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அடியில் போட மலை மிச்சமிருந்தால் போதும்.

சிரியுங்கள். சிரித்து முடித்ததும் வாசலுக்குப் போய் உங்கள் படிகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். அங்கே ஒருவன் எனக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான்.