புயல் விஷனில் ராகிக் களி

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில், ஊரெல்லாம் சுதந்திரக் கொடி ஏற்றி மிட்டாய் தின்றுகொண்டிருந்த வேளையில், பாலக்கோடு சின்னப்பராஜ் மாதா கோயில் படியில் நின்று ஒரு சபதம் எடுத்தார். இந்த வருஷமும் பாக்கியமேரியை அவள் அம்மா வூட்டுக்கு அனுப்பக்கூடாது.

பாக்கியமேரி அவருடைய சம்சாரம். அம்மா வூடு ஏரியூர்ப் பக்கம். அங்கே மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் முப்பது கொடியேற்றம், செப்டம்பர் எட்டு தேர். தேரைப் பார்த்து அவளுக்கு நாலு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் சின்னப்பராஜுக்குக் காய்ச்சல். ஒரு வருஷம் இடுப்புப் பிடிப்பு. இன்னொரு வருஷம் என்ன நோவு என்று அவருக்கே மறந்துவிட்டது, ஆனால் சரியாக ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதிதான் வந்தது.

மனுஷன் கெட்டவர் இல்லை, பாவம். அவருக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு தடவை அவள் மூணு நாள் ஊருக்குப் போனபோது, மூணு நாளும் பன்னும் வாழைப்பழமும் தின்றே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரனே மனசு கேட்காமல், "அண்ணே, வூட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று விசாரித்தான்.

அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. சின்னப்பராஜ் நடத்தியது 'புயல் வீடியோ விஷன்'. முன்னறையில் ஒரு டெக்கு. அதிலிருந்து கூரை மேலேயும் கம்பம் மேலேயும் ஒயர் இழுத்து அறுபத்திரண்டு வீட்டுக்குக் கனெக்‌ஷன். டெக்கில் அவர் என்ன கேசட்டைச் சொருகுகிறாரோ, அதைத்தான் அறுபத்திரண்டு வீடும் பார்த்தாக வேண்டும். அவர் சொருகியதெல்லாம் சண்டைப் படம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை யாராவது யாரையாவது உதைத்துக்கொண்டே இருப்பார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், பொறுமை போய்ப் பெண்கள் ஒயரைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். முதலில் பிடுங்கியவள் எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள்.

"ஏண்ணா, ஆடிக்கு மருமவன் வந்து எல போட்டு உக்காந்திருக்காரு. டிவியில ஒருத்தன் இன்னொருத்தன் கொடலை உருவறான். மருமவன் அப்பிடியே எழுந்து போயி கைகழுவிட்டாரு. நீ படம் போடறியா, பந்தியைக் கெடுக்கறியா?"

ஒரே மாசத்தில் இருபது ஒயர் போய்விட்டது. சின்னப்பராஜ் யோசித்தார். கோயில் படியிலேயே பொறி தட்டியது. சண்டையை நிறுத்துவது. சமையல், கோலம், வீட்டுக் குறிப்பு என்று புயலைக் குடும்பப் பாங்காக மாற்றுவது. அதில் பாக்கியமேரியையே சமைத்துக் காட்டச் சொல்வது. போன பொம்பளைகள் திரும்பி வருவார்கள். டிவியில் வரும் மவராசி, ஊரே அவளைப் பேசுகிற நேரத்தில், தேர் பார்க்கவா ஓடுவாள்? ஆஹா! தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"மேரி, நீ டிவியில வர்றியா?"

"எதுக்குங்க? நான் என்னா காணாமப் போயிட்டனா?"

"அதில்லமே. சமையல் புரோகிராமு. நீ சமைக்கற, ஊரே பாக்குது. முப்பதாந்தேதிலருந்து தினம் ஒண்ணு, பத்து நாளைக்கு."

"முப்பதாந்தேதி எங்கூர்ல கொடியேத்தமுங்க."

"கொடி எல்லா வருசமும்தான் ஏத்துவாங்க. டிவி எல்லா வருசமும் வருமா?"

பாக்கியமேரி முறத்தில் அவரைக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொத்தைக் கொட்டை நாலை எடுத்து எறிந்தாள். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்ப நான் தினமும் அந்த டெக்கு முன்னால வந்து நிக்கணுமுங்களா?"

சின்னப்பராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட பயித்தியமே! நீ எதுக்கு நிக்கற? கேசட்ல ஒரு தடவை ஏறிட்டா ஏறினதுதான். அப்பறம் நீ தூங்கினாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, டெல்லிக்கே போனாலும் சரி. இங்க அறுபத்திரண்டு வூட்லயும் நீ பேசிக்கிட்டே இருப்ப."

"டெல்லிக்குப் போனாலுமா?"

"டெல்லிக்குப் போனாலும்!"

"அப்ப சரிங்க" என்றாள் பாக்கியமேரி.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதாவது மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. போர்டு எழுதுகிறவரைத் தேடிப் போய்விட்டார். புயல் என்ற பேர் ஊருக்குப் பழகியது, அது இருக்கட்டும் என்றார். பழைய போர்டில் பெரிதாக ஒரு மின்னல் இருந்தது. போர்டுக்காரர் அதன் நுனியில் ஒரு வட்டம் போட்டுக் கரண்டியாக்கினார். கீழே 'குடும்பப் பெண்களின் கொண்டாட்டம்' என்று எழுதினார். மின்னல் இருந்த பக்கம் கொஞ்சம் கோணல்தான். அதனாலென்ன, கரண்டி என்று தெரிந்தது.

படம் பிடிக்க வந்தவன் கிருஷ்ணப்பன். கல்யாண வீடியோக்காரன். ஆடி மாசம் முழுக்கச் சும்மா இருந்ததில் கேமராவுக்கே தூசு ஏறியிருந்தது.

"அண்ணே, முப்பதுக்கு மேல எனக்கு வரிசையா முகூர்த்தம். பத்தையும் அதுக்கு முன்னாலயே எடுத்துருவம்."

சின்னப்பராஜ் இழுத்தார். "தினம் ஒண்ணா எடுக்கலாம்னு பாத்தன்..."

"எடுத்துடறதுதானுங்க நல்லது" என்றாள் பாக்கியமேரி. "எனக்கும் வேல முடிஞ்சிரும்."

அவள் இவ்வளவு ஆசையாகப் பேசும்போது மறுக்க முடியுமா? எடுத்தார்கள். கிருஷ்ணப்பனுக்குக் கல்யாணம் எடுத்தே பழக்கம். ரசம் கொதிக்கும்போது சட்டியைச் சுற்றி இதய வடிவம் போட்டான். தாளிக்கும்போது மேலிருந்து பூ தூவினான். சின்னப்பராஜால் கூட இருக்க முடியவில்லை. பிடுங்கிய இருபது வீட்டுக்கும் ஏணியோடு போய், கெஞ்சி, திரும்ப ஒயர் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தார். பாக்கியமேரி கேமராவைப் பார்த்து அரிசி களைவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மே, இதெல்லாமா சொல்வாங்க? அரிசி களையத் தெரியாத பொம்பளை உண்டா?"

"ஒண்ணுமே தெரியாததுங்களும் இருக்குதுங்க" என்றாள் பாக்கியமேரி. "அதுங்களும் பொழைக்கணுமில்ல?"

அடேயப்பா, என்ன பெரிய மனசு என்று மெச்சிக்கொண்டே அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

முப்பதாம் தேதி வந்தது. காலை ஆறு மணிக்கே கம்பத்தில் ஏறிவிட்டார். பத்து மணிக்கு முதல் நிகழ்ச்சி. அறுபத்திரண்டு வீட்டுக்கும் படம் தெளிவாக வர வேண்டும். கடைசி ஒயரை முறுக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு ஓடி வந்தால், மேசை மேல் பத்துக் கேசட் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. முதல் கேசட்டைச் சொருகினார். பித்தானை அழுத்திவிட்டுச் சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

"மேரி! ஒரு காப்பி கொண்டா!"

"வணக்கமுங்க" என்றது பாக்கியமேரியின் குரல். டிவியிலிருந்து.

"வணக்கம் கெடக்கட்டும், காப்பியக் கொண்டா!"

"இது ஆம்பளைங்களுக்கான சமையல் நிகழ்ச்சிங்க" என்றாள் டிவிக்குள் நீலப் புடவை கட்டிய பாக்கியமேரி. "முக்கியமா எங்க வூட்டுக்காரருக்கு. இந்நேரம் நான் தருமபுரி பஸ்ஸுல உக்காந்திருப்பன். எங்கூர்ல கொடியேத்தம். தேரு முடிஞ்சு ஒம்பதாந்தேதி வருவன். என்னாங்க, கேக்குதுங்களா? மண்ணெண்ணெ டின்னு கதவுக்குப் பின்னால இருக்குது. தீப்பொட்டி அலமாரியில ரெண்டாவது தட்டு. மொதல்ல ஸ்டவ்வு பத்த வெக்கறது எப்பிடின்னு பாக்கலாம்."

சின்னப்பராஜ் சமையல்கட்டுக்கு ஓடினார். பின்கட்டுக்கு ஓடினார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். மாதாவே! பெட்டியைக் காணோம்.

பஸ் பிடித்துப் போய்க் கூட்டிவரலாம் என்று சட்டையை மாட்டினார். மாட்டிய சட்டையோடு நின்றார். போனால் டெக்குக்குக் கேசட் மாற்ற யார் இருக்கிறார்கள்? அறுபத்திரண்டு வீடும் இன்றைக்குத்தான் திரும்ப ஒன்று சேர்ந்திருக்கிறது. திரை கறுப்பானால் சாயந்திரத்துக்குள் அத்தனை ஒயரும் தெருவில் கிடக்கும். நிகழ்ச்சியையாவது நிறுத்தித் தொலைப்போம் என்று டெக்குப் பக்கம் கையை நீட்டினார். எதிர்வீட்டிலிருந்து கோவிந்தம்மாள் குரல் வந்தது.

"அண்ணா! நிறுத்திடாத! மண்ணெண்ணெ ஊத்தியாச்சா? அக்கா அடுத்து திரியத் தூக்கச் சொல்லுது, பாரு!"

எட்டிப் பார்த்தார். கோவிந்தம்மாள் வாசலில் தெருப்பெண்கள் பத்துப் பேர். பாதிப் பேர் டிவியைப் பார்த்தார்கள். பாதிப் பேர் இவரைப் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் ஆண்கள் கும்பலாக வந்துவிட்டார்கள்.

"யோவ் சின்னப்பா, உனக்கு என்னய்யா பாவம் செஞ்சோம்? ஷிப்டு முடிச்சு வந்து உக்காந்தா, வூட்டுக்காரி டிவியக் காட்டி, நீயும் கத்துக்கோங்கறா. பழைய புயலையே போட்டுத் தொலையேன்!"

"போட்டா உங்க வூட்டம்மா ஒயரப் பிடுங்குவாங்க."

"போடலைன்னா எங்கள வெங்காயம் உரிக்கச் சொல்றாங்கய்யா!"

அவர்களை அனுப்பிவிட்டுச் சின்னப்பராஜ் ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்தார். பத்தாவது குச்சியில் பற்றியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனுஷனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. முதல் நாள் சோறு கஞ்சியானது. இரண்டாம் நாள் சோறு கரியானது. மூணாம் நாள் சோறு சோறாகவே ஆனது. அதற்குள் டிவியில் பாக்கியமேரி தக்காளித் தொக்குக்கு வந்துவிட்டாள். "அவசரப்படாதீங்க. உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் அவசரம். எண்ணெ பிரிஞ்சு வர்ற வரைக்கும் கிண்டுங்க" என்றாள். அவர் அறியாமலே "சரிமே" என்று தலையை ஆட்டினார். நீலப் புடவையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். வீட்டில் இருக்கும்போது இவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்ததில்லையே என்று மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

ஏழாம் நாள் ராகிக் களி. கட்டி தட்டாமல் களி கிண்டுவது லேசுப்பட்ட காரியமா? சின்னப்பராஜ் பானையை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்து, துடுப்பைப் போட்டு, மூச்சு வாங்கக் கிண்டினார். ஒரு கட்டி இல்லை. வழவழவென்று உருண்டை பிடித்து வைத்தார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணப்பன் கேமராவோடு வந்தான்.

"அடடா! என்னாண்ணே இது, பொம்பளைங்களே தோத்துடுவாங்க போல! அப்பிடியே நில்லுங்க, நாளைக்கு முகூர்த்தம், கேமரா ஓடுதான்னு ஒரு டெஸ்ட்டு பாத்துக்கறன். ரெண்டு வார்த்தை பேசுங்க."

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? சின்னப்பராஜ் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். இருநூறு வார்த்தை ஆனது. கிருஷ்ணப்பன் கும்பிட்டுவிட்டுப் போனான். அவர் அதை அத்தோடு மறந்தும் போனார்.

எட்டாம் தேதி ராத்திரி படுக்கும்போதுதான் அவருக்குப் பகீர் என்றது. நாளைக்கு அவள் வருகிறாள். சமைக்கத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த வருஷமும் கிளம்பிவிடுவாளே! உடனே அடுத்த திட்டம் தயாரானது. ஒன்பதாம் தேதி காலையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். மிச்சத் தொக்கைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்து, "மூச்சு விடாத" என்று சொன்னார். பேக்கரியில் ஆறு பன் வாங்கி, நாலைப் பிய்த்து மேசையெல்லாம் உதிர்த்தார். தாடியைச் சொறிந்துகொண்டு கட்டிலில் சுருண்டார்.

பத்து மணிக்குப் பாக்கியமேரி வந்தாள். முகமெல்லாம் தேர் பார்த்த தெளிச்சி. கையில் பொரிப் பொட்டலம். வந்தவள் நேராக டெக்குப் பக்கம் போனாள்.

"கேசட்டு போடாம டிவி சும்மா கெடக்குதே. இருங்க, ஒண்ணு போட்டுட்டு வர்றன்" என்று எதையோ சொருகிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னாங்க இப்பிடி ஆயிட்டீங்க?"

"பத்து நாளா பன்னுதான் மேரி" என்றார் ஈனஸ்வரத்தில். "உன் கேசட்டப் பாத்தன். ஒண்ணும் மண்டையில ஏறல. ஸ்டவ்வுகூடப் பத்தல. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்னை நீ போட்டோவுலதான் பாத்திருப்ப."

"அய்யய்யோ, பாவமுங்க."

"அதான் சொல்றன். இனிமே தேரு கீருன்னு..."

"அண்ணா!" என்று எதிர்வீட்டிலிருந்து கோவிந்தம்மாள் கத்தினாள். "உன் புரோகிராமு ஆரம்பிச்சிருச்சு! அந்தத் துடுப்போட எவ்ளோ அம்சமா நிக்கற!"

சின்னப்பராஜ் மெதுவாகத் தலையைத் திருப்பினார். டிவியில் பூ தூவிக்கொண்டிருந்தது. இதய வடிவத்துக்கு நடுவே, தோளில் துடுப்பும் கையில் களி உருண்டையுமாக அவரே நின்றார். கிருஷ்ணப்பன் எடுத்த டெஸ்ட்டு அவள் கைக்குப் போயிருக்கிறது! அறுபத்திரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி முழங்கினார்.

"பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டான்னு பட்டினி கெடக்கறவன் ஒரு ஆம்பளையா? பத்து நாளு என்னா பத்து நாளு! வருசா வருசம் ஒரு மாசம் அவ அம்மா வூட்ல போயி இருக்கட்டும். நான் இருக்கறன், என் துடுப்பு இருக்குது!"

கட்டிலில் இருந்த சின்னப்பராஜ் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். பாக்கியமேரி எழுந்து முந்தானையால் மேசையில் கிடந்த பன் தூளைத் தட்டினாள்.

"எனக்குப் பத்து நாளே போதுமுங்க" என்றாள் அடக்கமாக. "ஆனா நீங்களே ஊருக்கு முன்னால ஒரு மாசம்னு சொன்னப்பறம், புருசன் பேச்சை நான் எப்பிடிங்க மீறறது?"