வெந்நீர் சிஸ்டரும் ஆறு வெள்ளை எலிகளும்

அன்று நடந்தவை வரிசையாக:

1. விடியும் முன் திருச்சியிலிருந்து வாடகைக் கார் புறப்பட்டது. உள்ளே மனிதர்கள் மூன்று பேர், வெள்ளை எலிகள் ஆறு.
2. அச்சரப்பாக்கத்தில் ஒரு தேங்காய் உடைபடாமல் தப்பியது.
3. திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் கார் சாவியோடு மலையேறிவிட்டார்.
4. ஒரு குடை உடைந்தது.
5. மாமல்லபுரத்தில் இறங்கியபோது மனிதர்கள் நான்கு பேர், எலிகள் பதின்மூன்று.

இந்த ஐந்துக்கும் காரணமான வெந்நீர் சிஸ்டரைப் போல் செங்கல்பட்டு ஜில்லாவில் இன்னொருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் ஜில்லா தாங்கியிருக்காது.

சிஸ்டர் பிரசவம் பார்க்கும் நர்ஸ். எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “வெந்நீர் வை.” ஒரு முறை கல்யாண வீட்டில் நுழைந்தபோதும் பழக்கத்தில் இதையே சொல்லிவிட, மணப்பெண்ணின் தாயார் மயங்கி விழுந்தாராம். நகை, புடவை எதிலும் சிஸ்டருக்கு ஆசை கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு கர்வம்: இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன எந்தக் கேஸும் வழியில் தவறியதில்லை.

திருச்சியில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் நான் லேபரட்டரி வேலை படித்தேன். பரிசோதனைக்கு இனி வேண்டாம் என்று அங்கே ஒதுக்கிய இரண்டு வெள்ளை எலிகளை சிஸ்டர் கேட்டு வாங்கி வளர்த்தார். இரண்டு, ஆறானது. பிறகு எங்கள் இருவருக்கும் மாமல்லபுரத்தில் புதிதாகத் திறந்த சிறிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ரயில் கரி எலிகளின் மூக்குக்கு ஆகாது என்று சிஸ்டர் கார் பேசினார். ஆறில் ஒருத்தி நிறைமாதம்.

“இன்னும் நாலு நாள் தாங்கும்” என்றார் சிஸ்டர். மனிதர்கள் விஷயத்தில் அவர் கணக்கு தப்பியதே இல்லை.

அச்சரப்பாக்கத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். “பிள்ளையாரைக் கும்பிடாம வந்த சிவபெருமான் தேருக்கே அச்சு முறிஞ்ச ஊரு சிஸ்டர். பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சுட்டுப் போயிடுவோம்.”

“பிள்ளையாரோட வாகனம் ஆறு பின்சீட்டுல உக்காந்திருக்கு. எந்தப் பிள்ளையார்யா நம்ம அச்சை முறிப்பாரு? ஓட்டு.”

டிரைவர் திரும்பிக் கம்பிக் கூண்டைப் பார்த்தார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓட்டினார்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் சிஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த ஊர் திருக்கழுக்குன்றம். அங்கே தினமும் உச்சிவேளையில் மலைக்கு இரண்டு கழுகுகள் வரும். பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

“அது ரெண்டும் பொங்கல் சாப்பிடற கழுகு, சிஸ்டர்” என்றேன்.

“தினமும் பொங்கலே போட்டா உன் நாக்கு வேற ஒண்ணும் கேக்காதா?”

கார்க் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினோம். ஊருக்குள் நுழைந்ததும் டிரைவர் காரை நிறுத்தினார். “இவ்வளவு தூரம் வந்துட்டுக் கழுகு பாக்காம போனா திருச்சில சிரிப்பாங்க சிஸ்டர். இதோ வந்துடறேன்” என்றவர் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாவியும் அவரோடு போயிற்று.

சித்திரை வெயில். கண்ணாடியை இறக்கினால் கழுகு, ஏற்றினால் அடுப்பு. கொஞ்ச நேரத்தில் நிறைமாதக்காரி பக்கவாட்டில் சாய்ந்து வேகமாக மூச்சு வாங்கினாள். வெள்ளை எலி அப்படி மூச்சு வாங்கினால் அதிக நேரம் தாங்காது என்று நான் படித்திருக்கிறேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது, கூண்டை மடியில் எடுத்து வைத்து முந்தானையால் விசிறத் தொடங்கினார்.

எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம், ஒரு தண்ணீர்ப் பந்தல். ஈர மணலில் பானைகள் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தன. நடுவில் நிழலே இல்லாத அகலமான வீதி. மேலே ஏதோ ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது மீன் விற்றுவிட்டு மாமல்லபுரம் திரும்பும் ஓர் அம்மாள், தலையில் கூடையோடு, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, எலியா? என் வூட்ல எலியத் தொரத்தறதுக்குப் பூனை கீது. நீ கார்ல வச்சு ஊர்கோலம் வுடறியா?”

“சத்தம் போடாதம்மா. நிறைமாசம்.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஆளைப் பாத்தா தெரியலியே?”

“நான் இல்லை” என்றேன்.

விஷயம் புரிந்ததும் அவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “எலிக்கு நர்ஸு! எனக்கு நாலு பொறந்துச்சு, ஒருத்தி எட்டிப் பாக்கல.” பிறகு சிஸ்டரின் முகத்தைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்தினாள். “அந்தப் பந்தலுக்குத்தான போவணும்? என் கூடைல ரெண்டு மீனு மிச்சம் கீது. நான் அந்தாண்ட நடக்கறேன். மேல சுத்தறது எங்கிட்ட வரும். நீ எலியத் தூக்கிகினு ஓடு.”

சிஸ்டர் ஒரு கையில் கூண்டு, மறு கையில் விரித்த குடையோடு இறங்கினார். நான் ஈரத் துணியோடு பின்னால் ஓடினேன். பாதி வீதி வரை திட்டம் சரியாக நடந்தது. அதன் பிறகு பறவை மீனைப் பார்த்தது, எலியைப் பார்த்தது, எலியை நோக்கி இறங்கியது.

முதல் மோதலில் குடையின் இரண்டு கம்பிகள் போயின. இரண்டாவது மோதலுக்கு முன் சிஸ்டர் குடையை மடக்கிப் பறவையை ஓங்கி ஓர் அடி அடித்தார். மீன்கார அம்மாள் ஓடி வந்து, “இந்தா, துன்னுட்டுப் போ!” என்று மிச்ச மீன் இரண்டையும் வீசினாள். பறவை ஒன்றைக் கவ்விக்கொண்டு மலைக்கு எதிர்த்திசையில் போயிற்று.

பானைகளுக்கு அடியில், ஈர மணலில் கூண்டை வைத்தோம். மோர் குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சிஸ்டர் வாயில் விரல் வைத்ததும் அத்தனை பேரும் அடங்கினார்கள். நிறைமாதக்காரியின் மூச்சு சீரானது. பிறகு ஒன்று, இரண்டு என்று ஏழு பிறந்தன. சிஸ்டர் வெந்நீர் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு டிரைவர் வாடிய முகத்தோடு இறங்கி வந்தார். “எனக்குக் கொடுத்து வைக்கலை சிஸ்டர். இன்னிக்கு ஒரு கழுகுதான் வந்துச்சு. கூட்டத்துல எவனோ பாவி இருக்கான்னு பேசிக்கறாங்க.”

சிஸ்டர் உடைந்த குடையை ஸீட்டுக்கு அடியில் தள்ளினார். நாங்கள் அடித்து விரட்டியது வேறு ஏதாவது பருந்தாகவும் இருக்கலாம். நான் அதை இன்றுவரை ஆராயவில்லை.

அங்கிருந்து மாமல்லபுரம் வரை ஹாரன் அடிக்கக் கூடாது என்பது உத்தரவு. தாய் எலி மிரண்டால் குஞ்சுகளைத் தின்றுவிடும். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர்களை எல்லாம் டிரைவர் வெளியே கை நீட்டிக் கும்பிட்டு ஒதுங்கச் சொன்னார். எங்களோடு ஏறிக்கொண்ட மீன்கார அம்மாள், வாழ்நாளில் முதல் முறையாக இருக்கும், கிசுகிசுத்தாள்: “நர்ஸம்மா, ஏழும் மூச்சு வுடுது.”

“வழியில ஒண்ணும் போகலை” என்றார் சிஸ்டர், யாரிடம் என்றில்லாமல். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

சிஸ்டர் போன வருஷம் ஓய்வு பெற்று உதகமண்டலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். அந்தக் குளிர் எலிகளுக்கு ஆகாது என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்திருக்கிறது. எலிகள் இப்போது ஒன்பது. கார் பேசியிருக்கிறேன்.