லாத்தாவின் உலைக்கு வேண்டிய தண்ணீர்

வலங்கைமான்,
இரவு பதினொன்றரை

அன்புள்ள ஜஸீலா லாத்தாவுக்குத் தங்கை நுஸைபா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உம்மா நலம், பூனை நலம். உன் நலத்தை உம்மா தினமும் போனில் கேட்டுவிட்டு, என்னிடம் தருவதற்குள் வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். உம்மா எழுந்துவந்தால் மூடுவதற்கு இயற்பியல் ரெக்கார்டைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். நேற்று பாசனச் சங்கத் தலைவர் செந்தில்குமார் அண்ணன் வாசலில் நின்று, "பாப்பா, அக்கா டாக்காவுல என்ன படிக்குது?" என்று கேட்டார். இந்தியா, வங்கதேசம், இலங்கை மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அணுப் பொறியியல் சொல்லித்தருகின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று பெருமையாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு உலையக் குளிரவைக்கவே நொடிக்கு அம்பதாயிரம் லிட்டர் தண்ணி வேணும்ணே" என்றேன். அவர் போனில் கணக்குப் போட்டார். "ஆயிரத்து எழுநூறு கன அடிக்கு மேல வருதே! நம்ம ஆத்துலயே அவ்வளவு வரலியேம்மா!" சாயங்காலம் டீக்கடையில் மூன்று நாடுகள் சேர்ந்து காவிரியைக் கேட்டன, இருட்டுவதற்குள் உலைக்கு நம் வீட்டுக் கொல்லையிலேயே இடமும் பார்த்தாகிவிட்டது. இன்று காலை எட்டுப் பேர் எதிர்ப்பு மனுவோடு வந்து, முதல் கையெழுத்தை உம்மாவிடமே கேட்டார்கள். "குறுவை காயுற நேரத்துல எம்மவ தண்ணி கேட்டான்னு ஊரு பேசணுமா? படிச்ச வரைக்கும் போதும், வரச் சொல்லு" என்று உம்மா முடித்துவிட்டாள். கொழும்பில் நீ அடுத்த ஆறு மாதம் படிக்க அவளே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த சம்மதப் படிவத்தை, நாளை உனக்குப் போகும் பார்சலிலிருந்து எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

அது கடலோர உலைக்கான கணக்கு, லாத்தா பாடம் மட்டும்தான் படிக்கிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. படிவம் வராவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் அல்லவா? கொசுவலைக்குள் நான் மட்டும் படுக்கிறேன். பல்லி கத்தினால் உன் பக்கம் திரும்புகிறேன். அங்கே மடிக்காத துணிதான் குவிந்திருக்கிறது. நீ தூக்கத்தில் பேசுகிறாய் என்று உன் அறைத்தோழி, காத்தான்குடி நஃபீசா, சிரித்தாளாமே. அது நான் கேட்க வேண்டியது.

வந்துவிடு, லாத்தா.

உம்மாவுக்குத் தெரியாமல் உம்மாவின் துஆவுடனும், பூனையின் சலாமுடனும்,
நுஸைபா

பி.கு.: படிவத்தைத் திரும்ப வைத்துவிட்டேன், முறுக்கு டப்பாவின் அடியில். உம்மாவிடமும் செந்தில்குமார் அண்ணனிடமும் காலையில் நானே சொல்லப்போகிறேன். நீ வராதே. தூக்கத்தில் என்ன பேசுகிறாய் என்று மட்டும் நஃபீசாவை எழுதி அனுப்பச் சொல்.