உடுமலை மாமாவின் ரேடியேட்டருக்கு நன்றி

அன்பும் மரியாதையும் நிறைந்த வெள்ளியங்கிரி மாமாவுக்கு,

திருப்பூரிலிருந்து அனுப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் கம்ப்யூட்டரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க மாமா" என்பேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் நன்றி. பனியன் டிசைன் வரையும் என் கம்ப்யூட்டர் சூடாகி நடுவேலையில் அணைந்துபோவதையும், "இன்னொருக்கா நின்னுச்சுன்னா டிசைன் வேலைய வெளிய குடுத்துருவேன், நீ ஊட்டுல இருந்துக்க புள்ள" என்று முதலாளி மகுடேஸ்வரன் சொன்னதையும் கேட்டு, நீங்கள் ஒரு பழைய கார் ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு உடுமலையிலிருந்து பஸ்ஸில் வந்தீர்கள். அதை கம்பெனியில் என் அறை ஜன்னலுக்கு வெளியே மாட்டி, மிச்ச இடத்தைப் பலகையால் அடைத்து, குட்டி மோட்டார் வைத்து, குழாய் இழுத்து, பெட்டியின் சூட்டையெல்லாம் தண்ணீர் சுமந்துபோய் மார்கழிக் காற்றில் விட்டுவரும்படி செய்தீர்கள். "இனி உன்ற பொட்டிக்குக் குளுரு சொரமே வந்துரும் கண்ணு" என்றும் சொல்லிப் போனீர்கள்.

வந்தது மாமா. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழாய் முழுக்க சோடா பாட்டில்போல வேர்த்திருந்தது. ஒரு சொட்டு மதர்போர்டுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று என்னையே பார்த்தது. டீ கிளாஸை ஏந்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பிறகு கட்டிங் வேஸ்ட்டில், பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி பொறுக்கி வந்து குழாய்க்குச் சுற்றினேன். பேக்கிங்கில் இருப்பவர்கள் வந்து, "கம்ப்யூட்டருக்குச் சட்டையெல்லாம் போட்டு உட்டுருக்குது இந்தப் புள்ள" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் துணி நனைந்து, ஓரிடத்தில் சொட்டப் பார்த்தது நாலு இடத்தில் சொட்டியது.

இங்கே கொண்டுவருமுன் உங்கள் பட்டறையில் நீங்கள் இதை ஓட்டிப் பார்த்தபோது ஏன் வேர்க்கவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் பட்டறைக்குச் சுவரே கிடையாது மாமா. உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. வெளிக்காற்றில் ஆறிய தண்ணீர் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துபோகாது, அதனால் அதே காற்றின் ஈரம் குழாயில் படியாது. என் அறைக்குள் இருப்பதோ பனியன்களைத் தேய்க்கும் பக்கத்து அயனிங் செக்‌ஷனின் ஆவி. நடுவே இருக்கும் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அங்கே ஜன்னல் இல்லை, என் ஜன்னல் காற்றுதான் அவர்களுக்கும். அந்த ஜன்னலைத்தான் நாம் அடைத்துவிட்டோம்.

கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் போய் மணி கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அயனிங் மருதம்மாக்காவின் மூக்குத்தி நன்றாக இருக்கிறது என்றேன். நான்காம் நாள், "அக்கா, அந்தக் கதவ..." என்று ஆரம்பித்தேன்.

"சாத்தோணுமா? நாலு நாளா வந்து நின்னுட்டு நின்னுட்டுப் போனியே, கலியாணப் பத்திரிக்க வெக்கத்தான் வாறயாக்கும்னு நெனச்சேன். சாத்துனா நாங்க இட்லியாட்ட வெந்துருவோம் கண்ணு. ஆவிய வெளிய தள்ளறதுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு மூணு வருசமாச்சு. எங்களுக்குன்னு கேட்டா வராது. உன்ற பொட்டிக்குன்னு கேளு."

வாயால் கேட்க முடியாது என்பதால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அதைப் படித்த முதலாளி, "கம்ப்யூட்டர் நனையுதா?" என்று எழுந்தே விட்டார். "மிசினுக்குன்னு மொதல்லயே சொல்றதில்லியா?"

"எங்களுக்குச் சொல்லத் தெரியலீங்க" என்றார் மருதம்மாக்கா, எனக்குப் பின்னாலிருந்து.

மறுநாளே ஃபேன் வந்தது, அயனிங் சுவரைத் துளைத்து மாட்டினார்கள். ஜன்னலில் பாதிப் பலகையை எடுத்துவிட்டேன். இப்போது வெளிக்காற்று ஜன்னலில் நுழைந்து, என் அறையைத் தாண்டி, அயனிங்கையும் தாண்டி, ஆவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது. குழாயில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முதல் நாள் மருதம்மாக்கா என் கதவருகே காற்றில் முகத்தைக் காட்டியபடி ஐந்து நிமிடம் நின்றார். அயனிங்கில் இருக்கும் ஒன்பது பேரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். என் வேலையும் தங்கியது. எல்லாம் உங்கள் ரேடியேட்டரால் வந்தது.

உங்கள் கைக்கும் பட்டறைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். அத்தைக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
அனுப்பிரியா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன்பு ஒன்று நடந்துவிட்டது. பெட்டியைத் துடைக்கலாம் என்று கழற்றினால், முன்பக்க வலையில் பனியன் பஞ்சு கம்பளிபோல அடைத்துக் கிடந்தது. கம்ப்யூட்டர் சூடானது அதனால்தான் மாமா. பஞ்சை எடுத்துவிட்டு, பெட்டியின் பழைய குட்டி ஃபேனையே மாட்டினேன். நாள் முழுக்க ஓடியும் சூடாகவில்லை. உங்கள் தண்ணீர் இப்போது எதையும் குளிர்விக்காமல் சும்மா சுற்றி வருகிறது. முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் ரேடியேட்டரோடு எக்ஸாஸ்ட் ஃபேனையும் கழற்றிவிடுவார். தை பிறந்ததும் நீங்கள் இங்கே வரும்போது, ரேடியேட்டர் இன்னும் வேண்டுமா என்று உங்களிடம்தான் கேட்பார். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெடித்துவிடும் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் மருதம்மாக்கா தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்.