மூன்றாம் மாடியின் உழைப்பாளி

மேற்கூரைப் பலகையை விலக்கி, தலையை இருட்டுக்குள் விட்டு, ஏணியின் உச்சியில் நின்றிருந்த வயர்காரருக்குக் கீழேயிருந்து பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

"நெட் போச்சு!"

"யாரு புடுங்கினது?"

"அதோ, மேல ஆளு நிக்கறாரு பாருங்க!"

அந்த மெத்தைக் கம்பெனியின் கணினிகளை இணைக்கும் கம்பிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அதனால் அவருக்கு வயர்காரர் என்றே பேர். அன்று அவர் வைக்க வந்தது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று. டேப் என்பார்கள். கம்பியை நடுவில் பிரித்து அதைச் செருகினால், போகிற வருகிற தகவல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்; பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து வயர்காரரின் திரைக்கு அனுப்பிவிடும்.

"காதும் காதும் வெச்ச மாதிரி வைக்கணும்" என்று எம்.டி. உத்தரவு போட்டிருந்தார். வைத்த பிறகு ஈ எறும்புக்கும் தெரியாதுதான். ஆனால் வைப்பதற்காகக் கம்பியைப் பிரிக்கும்போது ஊருக்கே தெரியும். எம்.டி.யின் திட்டத்தில் இந்தச் சின்ன விஷயம் இடம்பெறவில்லை.

"கரன்ட் கொஞ்சம் ஏறி இறங்குது" என்று சமாளித்தார் வயர்காரர். விளக்குகள் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன.

எம்.டி.யின் தத்துவம் எளிமையானது. "உழைக்கிறவன் கம்ப்யூட்டர்ல தகவல் ஓடும். தூங்கறவன் கம்ப்யூட்டர்ல ஓடாது. முதல்ல வர்றவனுக்கு ஷீல்டு. கடைசியா வர்றவனுக்கு வாசல். இதுதான்யா விஞ்ஞான நிர்வாகம்!"

விஞ்ஞானம் வேலை செய்தது. முதல் அறிக்கையிலேயே கடைசி ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பகல் முழுக்க ஏணியில் நின்றதில் தன் கணினியைத் தொடவே நேரமில்லாத வயர்காரர்.

"சார், நான் டேப் வெச்சுக்கிட்டு இருந்தேன்..."

"விஞ்ஞானத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. அது இருக்கட்டும், முதல்ல இருக்கிறது யாரு?"

அங்கேதான் சிக்கல். டேப்புக்கு ஆள் தெரியாது, இணைப்பின் எண்தான் தெரியும். வயர்காரருக்குத் தன் எண் ஒன்றுதான் மனப்பாடம். அனுப்பிய சங்கதிக்கோ, யாரும் படிக்க முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தது. எந்த எண் யாருடையது என்று குறித்து வைக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஏணியில் ஏறுபவர், எழுதுபவர் அல்லர்.

"ஆளைக் காட்டு, கடைசி இடத்துலேர்ந்து உன் பேரை அடிச்சுடறேன். காட்டலைன்னா நீயே உன் வயரைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பு" என்றார் எம்.டி.

வயர்காரர் மாடிக்கொரு டேப் வைத்தார். மாடிக்கு மாடி நெட் போனது. மாடிக்கு மாடி குட்டும் உடைந்தது. சாப்பாட்டு அறையில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவியே கேட்டாள்.

"ஏங்க, எங்களை வேவு பார்க்கறீங்களாமே?"

"உஷ்! யார் சொன்னா?"

"டேபிள் டேபிளா பேசிக்கறாங்க. தகவல் ஓடினா போதுமாமே? அதான் ஆளாளுக்கு ஒரு படத்தை ஓட விட்டுட்டு, பேப்பர்ல வேலை பார்க்கறோம்."

"நீயுமா?"

"பின்ன? வீட்ல ஒருத்தராவது சம்பளம் வாங்கணும்ல!"

மறுநாள் கம்பெனியே கடலைப் பற்றியும் காட்டு யானையைப் பற்றியும் படங்களை ஓடவிட்டது. நெட் நத்தையானது. ஆர்டர்கள் வழியில் நின்றன. எம்.டி. மட்டும் பூரித்தார். "பார்த்தியா? டேப் வெச்சதும் உழைப்பு எவ்வளவு பெருகிடுச்சு!"

இத்தனை ஆரவாரத்திலும், முதல் அறிக்கையில் முதலிடம் பிடித்த அந்த எண் மட்டும் தன் நடை மாறவில்லை. மதியம் வந்தால் மூன்றாம் மாடியிலிருந்து அதன் கோடு திரையில் மெல்ல எழும், மெல்லத் தாழும், மறுபடி எழும். அவசரமே கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தால் அறையின் சுவர்கள் கரைந்துபோய், நாற்காலி படகாகி, வயர்காரர் எங்கோ ஒரு நீர்ப்பரப்பின் நடுவே ஆடிக்கொண்டிருப்பார். பச்சைக் கம்பிகள் நீர்க்கொடிகளாய் அவர் கால்களைச் சுற்றும். எதிர்க்கரையில் ஒருவர் உட்கார்ந்து உழைத்துக்கொண்டிருப்பார். நிமிர மாட்டார், தேநீருக்கு எழுந்து போக மாட்டார், அரட்டைக்குத் திரும்ப மாட்டார். 'ஐயா, நீங்க யாரு?' என்று வயர்காரர் கேட்பதற்குள் படகு கரை தட்டி, தலை மேசையில் முட்டும்.

அப்படி முட்டிக்கொண்ட ஒரு மதியம், மூன்றாம் மாடியின் கம்பிகளில் ஒவ்வொன்றாக டேப்பை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். மாடியே சாபமிட்டது. கடைசியில் சாம்பல் நிறக் கம்பி ஒன்றில் அந்த அலை அகப்பட்டது. உடனே ஓடிப்போய்ச் சொல்ல வழியில்லை. மதியத்தில் எம்.டி. கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனியின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பது வழக்கம்.

சேதி கேட்டு, மறுநாள் காலை ஷீல்டும் கையுமாக எம்.டி.யே வந்தார். பின்னால் அவருடைய செயலாளர் அம்மா. அவருக்குப் பின்னால், படங்களை ஓடவிட்டுவிட்டு வந்த மொத்த ஆபீசும். முன்னால் வயர்காரர், கம்பியைத் தடவிக்கொண்டே.

கம்பி வடிவமைப்புப் பிரிவைத் தாண்டியது. அங்கே மூன்று பேர் முகம் வாடியது. கூட்ட அரங்கைத் தாண்டியது. சுவரைத் துளைத்துக்கொண்டு எம்.டி.யின் அறைக்குள்ளேயே நுழைந்தது.

வயர்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "சார், இத்தோட விட்டுடலாமா?"

"ஏன் விடணும்?" எம்.டி. ஷீல்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என் பக்கத்துலயே உக்காந்து, எனக்கே தெரியாம உழைச்சிருக்கான்யா! இவனல்லவோ மனுஷன்! தேடு!"

கம்பி அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த திரைச்சீலைக்குள் போனது. வயர்காரர் தயங்கியதைப் பார்த்து எம்.டி.யே சீலையை விலக்கினார். உள்ளே ஆள் இல்லை. கசங்கிய விரிப்போடு ஒரு கட்டில். கம்பி நேராகப் போய் அதன் மெத்தைக்குள் புகுந்திருந்தது.

எம்.டி. மெத்தையைப் பார்த்தார், ஷீல்டைப் பார்த்தார், கடைசியில் செயலாளர் அம்மாவைப் பார்த்தார்.

"நீங்கதானே சார் புது மாடல்ல ஒண்ணு இங்க போடச் சொன்னீங்க" என்றார் அந்த அம்மா பணிவாக. "படுத்திருக்கிறவங்க மூச்சை எண்ணி எண்ணி அனுப்புற மெத்தை அது, நீங்க தூங்கினாத்தான் சார் அது வேலை செய்யும்."